பாகவதர் திரையிலேயே இருக்கட்டும்

கேள்வி: நான் திருச்சியில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பாடகரும் திரைப்பட நட்சத்திரமுமான எம்.கே. தியாகராஜ பாகவதரின் வாழ்க்கையைத் தழுவி நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். என் கதாநாயகன் பெயர் தேவராஜ பாகவதர். பிறப்பில் தொடங்கி மறைவு வரை முப்பது அத்தியாயங்கள், பன்னிரண்டு முடிந்துவிட்டன. படித்த தோழிகள், “நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வாழ்க்கை வரலாறு படிக்கிற மாதிரி இருக்கிறது” என்கிறார்கள். என்ன குறை? நிஜப் பெயரையே வைத்துவிடலாமா? லட்சுமிகாந்தன் கொலை வழக்கை எழுதினால் யாராவது வழக்குப் போடுவார்களா? அவருடைய பாடல் வரிகளைச் சேர்க்கலாமா? பாட்டை எழுத்தில் கொண்டுவருவது எனக்குக் கைவரவே இல்லை. எங்கள் தாத்தா சினிமா கொட்டகையில் ஆபரேட்டராக இருந்தவர். அவர் சொல்லக் கேட்ட கதைகளால்தான் இந்த ஆசையே வந்தது. முதல் மூன்று அத்தியாயங்களையும் முழுக் கதைச்சுருக்கத்தையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: அம்மா, வணக்கம். மூன்று அத்தியாயங்களையும் படித்தேன். உங்களுக்கு வாக்கியம் எழுத வருகிறது. பதிப்பகத்துக்கு வருகிற பிரதிகளில் பலவற்றுக்கு அங்கேயே தகராறு ஆரம்பித்துவிடும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. உங்கள் சிக்கல் வேறு. பாகவதரைப் பற்றி உங்களுக்கு நிறையத் தெரியும். தெரிந்த எல்லாவற்றையும் எழுதுகிறீர்கள், நடந்த வரிசையிலேயே எழுதுகிறீர்கள்.

மாயவரத்தில் 1910-ல் குழந்தை பிறக்கிறது. பொற்கொல்லர் குடும்பம் திருச்சிக்கு வருகிறது. பையனுக்குப் படிப்பு ஏறவில்லை, பாட்டு ஏறுகிறது. நாடகக்காரர் எஃப்.ஜி. நடேசய்யர் அவனை மேடையேற்றுகிறார், அரிச்சந்திரன் மகன் லோகிதாசன் வேஷம். மூன்றாம் அத்தியாயம் முடியும்போது 1934, முதல் படமான ‘பவளக்கொடி’ வந்துவிட்டது. விவரம் எதிலும் பிழை இல்லை. ஆனால் பாகவதர் என்றாலே தமிழ் வாசகருக்கு முடிவு தெரியும்: உச்சியில் இருந்தார், சிறைக்குப் போனார், திரும்பி வந்தபோது எல்லாம் போயிருந்தது, 1959 நவம்பர் 1-ம் தேதி ஐம்பது வயது நிறையுமுன் இறந்தார். ‘தேவராஜ’ என்று பெயரை மாற்றியும் பயன் இல்லை. வாசகர் ஒவ்வொரு பக்கத்திலும் நிஜத்தோடு ஒத்துப்பார்த்துக்கொண்டே வருவார். அடுத்து என்ன ஆகும் என்று கேட்க மாட்டார்; எப்போது சிறைக்குப் போவார் என்றுதான் காத்திருப்பார். நாற்பது பக்கம் அப்படிக் காத்திருக்க யாருக்கும் பொறுமை கிடையாது.

கேள்வியின் கடைசியில், போகிற போக்கில், தாத்தாவை ஒரு வரியில் சொல்லியிருக்கிறீர்கள். பன்னிரண்டு அத்தியாயத்தில் அவர் எங்காவது வருகிறாரா? அனுப்பிய மூன்றில் இல்லை. நாவலை அவரிடம் கொடுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. பாகவதர் திரையில் இருக்கட்டும். கதை ஆபரேட்டர் அறையில் நடக்கட்டும்.

பாசத்தால் இப்படிச் சொல்லவில்லை, காரணம் இருக்கிறது. ‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளிக்கு வந்தது. நவம்பர் 8-ம் தேதி, மஞ்சள் பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தன் சென்னையில் கை ரிக்‌ஷாவில் போகும்போது குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைது. 1945-ல் ஜூரிகளில் பெரும்பான்மையோர் குற்றவாளிகள் என்று சொல்ல, இருவருக்கும் தீவாந்தர சிட்சை, அதாவது ஆயுள் முழுக்க நாடுகடத்தல். உயர் நீதிமன்ற அப்பீலும் தோற்று, அன்றைய கடைசி அப்பீல் மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கு மறுபடி சென்னைக்கே திரும்பி, 1947 ஏப்ரலில்தான் விடுதலை. இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோது ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைப் பார்த்தது. மனிதர் சிறையில், குரல் மட்டும் தினமும் தியேட்டரில் பாடிக்கொண்டிருக்கிறது. டிக்கெட் வாங்கி வந்து அழுதவர்களும் ரசித்தவர்களும் அது சிறைக் கைதியின் குரல் என்று தெரிந்தேதான் கேட்டார்கள்.

பாகவதரின் பக்கத்தில் நின்று எழுதினால் இந்த விசித்திரம் உங்களுக்குக் கிடைக்காது. சிறைக்குள் இருந்தவருக்குத் தன் படம் ஓடுவது வெறும் செய்தி. அந்தக் குரலை தினம் இரண்டு ஆட்டம் ஓட்டிய ஆளுக்கு அது வேலை. உங்கள் தாத்தாவைப் போன்ற ஒருவர் ‘தண்டனை’ என்று காலையில் பேப்பரில் படித்துவிட்டு, மாலையில் அதே மனிதரின் ரீலை மெஷினில் மாட்ட வேண்டும். அன்று அவர் கை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதற்கு எந்த ஆவணத்திலும் பதில் கிடையாது. நாவலாசிரியருக்கு வேலை அங்கேதான்.

கால அளவும் தானாகச் சுருங்கிவிடும். 1910-லிருந்து 1959 வரை இழுக்க வேண்டாம். 1944 தீபாவளியில் தொடங்குங்கள். அவர் திரும்பி வந்து நடித்த ‘ராஜமுக்தி’ 1948-ல் உங்கள் ஊர் கொட்டகைக்கு வந்து, கூட்டம் இல்லாமல் படப்பெட்டி திரும்பிப் போகிற நாளில் முடியுங்கள். நான்கு ஆண்டுகள். யுத்தம், பங்கீட்டு அரிசி, சுதந்திரம் எல்லாம் அதற்குள் வந்துவிடும். மாயவரம், லோகிதாசன், நடேசய்யர் பற்றியதெல்லாம் டீக்கடைப் பேச்சில் இரண்டு வரியாக வந்தால் போதும்.

இனி பாட்டை எழுதுவது. உங்கள் இரண்டாம் அத்தியாயத்தில் இருந்து ஒரு பத்தி:

“அவரது தேனினும் இனிய குரல் கேட்டு மக்கள் மெய்மறந்தனர். காற்றில் மிதந்து வந்த கந்தர்வ கானம் அனைவரின் நெஞ்சையும் உருக்கியது.”

கோபித்துக்கொள்ள வேண்டாம், இது யாருடைய குரலுக்கும் பொருந்தும். பி.யு. சின்னப்பாவுக்கும் எழுதலாம், கிட்டப்பாவுக்கும் எழுதலாம். தேன், கந்தர்வன், உருக்கம் மூன்றையும் பிரதி முழுக்கத் தேடி எடுத்துவிடுங்கள். ‘காம்போதியில் ஒரு ஆலாபனை’ என்று ராகப் பெயரைப் போட்டு ஒப்பேற்றுவதும் உதவாது. ராகம் தெரிந்தவருக்கு அது தகவல், தெரியாதவருக்கு அதுவும் இல்லை.

குரலை நேரடியாக வர்ணிக்க முடியாது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் வேலை சுலபம். அது எதன் வழியாக வருகிறது, வந்து என்ன செய்கிறது என்பதை எழுதலாம். ஆபரேட்டர் அறை இதற்குப் பிரமாதமான இடம், ஏனென்றால் அந்தக் குரலைக் கொட்டகையிலேயே மிக மோசமாகக் கேட்பவர் ஆபரேட்டர்தான். மெஷின் சத்தம் காதை அடைக்கும். மெஷினுக்கு வெளிச்சம் தருகிற கார்பன் குச்சிகள் எரிந்து குறையக் குறைய இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திரையில் வெளிச்சம் மங்கி, கீழே இருந்து விசில் பறக்கும். அந்தக் காலத்து பிலிம் சட்டென்று தீப்பிடிக்கக்கூடியது, அதனால் ஜன்னல் ஓட்டைகளுக்கு இரும்பு மூடி. அந்த வெக்கையில் சட்டையைக் கழற்றிப் போட்டு நிற்கிறவரிடம் போய் ‘கந்தர்வ கானம்’ என்றால் சிரிப்பார்.

பாட்டு பிலிமில் எங்கே இருக்கிறது என்பதும் உங்களுக்குப் பயன்படும். படத்துக்குப் பக்கத்திலேயே, நெல்மணி அகலத்துக்கு ஒரு பட்டை ஓடும். அதன் வழியாக விளக்கு வெளிச்சம் பாய்ந்து, அதன் ஏற்ற இறக்கம்தான் ஒலியாக மாறுகிறது. பட்டையில் தூசி ஏறினால் குரலில் இரைச்சல் ஏறும், கீறல் விழுந்தால் ‘டப் டப்’ என்று கேட்கும். படத்தைத் திரைக்கு அனுப்பும் இடமும் ஒலியை எடுக்கும் இடமும் மெஷினில் ஒன்றல்ல. படம் மேலே, ஒலி கொஞ்சம் கீழே, நடுவில் இருபது கட்டம் வித்தியாசம். அறுந்த பிலிமை ஆபரேட்டர் வெட்டி ஒட்டினால் ஓட்டத்தில் முதலில் படம் குதிக்கும், ஏறக்குறைய முக்கால் வினாடி கழித்துப் பாட்டு குதிக்கும். கீழே இருப்பவர்களுக்கு ஏதோ தடுமாறியது மட்டும் தெரியும். எந்த எழுத்து போயிற்று என்பது ஒட்டியவருக்குத் தெரியும்.

ஒரு மாதிரிக்காக எழுதிக் காட்டுகிறேன். அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், உங்கள் நடை வேறு.

“நாலாவது ரீலில் பாட்டு. போன மாசம் அறுந்து ஒட்டிய இடம் இரண்டாவது அடியில் வரும். கோவிந்தன் கார்பனைச் சரிபண்ணிவிட்டு ஓட்டை வழியே கீழே பார்த்தார். தலைகள் அசையவில்லை. முறுக்கு விற்கிற பையன்கூடத் தட்டோடு தூணில் சாய்ந்து நின்றுவிட்டான். ஒட்டு வந்தது. பாகவதர் முகம் லேசாகத் துள்ளியது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். குரல் ஒரு எழுத்தைத் தாண்டி அந்தப் பக்கம் விழுந்தது. கீழே யாரும் திரும்பவில்லை. பெஞ்சு டிக்கெட்டில் இருந்த ஒரு பொம்பளை மட்டும் அந்த விட்டுப்போன எழுத்தைத் தானே பாடி நிரப்பினாள். நேற்றும் வந்திருந்தவள்.”

இதில் குரல் இனிமையா இல்லையா என்று நான் சொல்லவே இல்லை. மறுநாளும் வந்தவள் சொல்லிவிடுகிறாள். இன்னொரு வசதி: நாலு வருஷத்தில் அந்த பிரிண்ட் தேய்ந்துகொண்டே போகும். ஒட்டுகள் கூடும், இரைச்சல் கூடும். பாகவதர் சிறையில் மெலிவதை நீங்கள் காட்டவே தேவையில்லை, ரீல் மெலிவதைக் காட்டினால் போதும். ஆனால் இதுதான் அதற்கு அடையாளம் என்று எங்கேயும் விளக்கிவிடாதீர்கள். ஆசிரியையாக இருந்தவர்களுக்கு விளக்கும் பழக்கம் லேசில் போகாது, அதனால் சொல்கிறேன்.

அடுத்து, லட்சுமிகாந்தன். உங்கள் திட்டத்தில் அவர் பதினேழாம் அத்தியாயத்தில் ‘நஞ்சு தோய்ந்த பேனா’வோடு வந்து, பதினெட்டில் செத்துப்போகிறார். வில்லன் தேவைப்பட்டதால் வந்தவர் மாதிரி இருக்கிறது. அவர் முதலில் நடத்திய பத்திரிகை ‘சினிமா தூது’, பிறகு ‘இந்து நேசன்’. நட்சத்திரங்களின் அந்தரங்கத்தை எழுதி விற்றார். எழுதாமல் இருக்கப் பணம் வாங்கினார் என்ற குற்றச்சாட்டும் அவர்மேல் உண்டு. அந்தப் பத்திரிகை விற்றது என்றால் யாரோ வாங்கினார்கள். யார்? பாகவதரைக் கொண்டாடிய அதே ஜனங்கள்தான். உங்கள் ஆபரேட்டர் பாகவதர் மாதிரி முடி வளர்த்துக் கிராப் வைத்தவர், சரி. அவரே கார்பன் பெட்டிக்கு அடியில் ‘இந்து நேசன்’ இதழை ஒளித்து வைத்துப் படிக்கிறவராகவும் இருக்கட்டும். கொலைக்கு முந்திய வாரம் அதை நண்பருக்கு வாசித்துக் காட்டிச் சிரித்தவராகவும் இருக்கட்டும். கைதுச் செய்தி வந்தபிறகு அந்த இதழை அவர் என்ன செய்கிறார்? எரிப்பாரா, எடுத்து மறுபடி படிப்பாரா? எனக்கே தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. உங்கள் தாத்தா அப்படிப்பட்டவர் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். கதையில் வருகிறவர் அவர் இல்லையே.

கொலை யார் செய்தது என்று நாவல் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. விடுதலையான ஒருவரைக் கதையில் குற்றவாளி ஆக்குவது நியாயமும் இல்லை. ஆபரேட்டருக்கு என்ன தெரியும்? பேப்பரில் வந்தது தெரியும், சலூனில் பேசியது தெரியும். அவர் ஒரு நாள் ஒன்றை நம்புவார், அடுத்த நாள் இன்னொன்றை. அந்த அளவோடு நின்றால் நாவலுக்கு நல்லது, சட்டப்படியும் நல்லது.

சட்டம் பற்றி, நான் வக்கீல் இல்லை. பதிப்பாசிரியர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டிய அளவுக்குச் சொல்கிறேன், அச்சுக்குப் போகுமுன் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள். இறந்துபோனவர் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது அவ்வளவு நேரானதல்ல. அவதூறு பற்றிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499-வது பிரிவிலும், அதன் இடத்தில் வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவிலும் ஒரு விளக்கம் உண்டு: உயிரோடு இருந்திருந்தால் அவர் பெயரைக் கெடுக்கக்கூடியதாகவும், குடும்பத்தாரையோ நெருங்கிய உறவினரையோ புண்படுத்தும் நோக்கத்தோடும் எழுதினால், இறந்தவரைப் பற்றியதும் அவதூறாகலாம். மறுபக்கம், ஆட்டோ சங்கர் வழக்கு என்று நாம் சொல்லும் 1994-ம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, நீதிமன்ற ஆவணம் உள்ளிட்ட பொது ஆவணங்களில் இருப்பதை வெளியிட யாருடைய அனுமதியும் தேவையில்லை என்கிறது. லட்சுமிகாந்தன் வழக்கின் விசாரணை, தீர்ப்பு, அப்பீல் எல்லாம் அப்படிப்பட்டவை. அதற்கு வெளியே போய்ப் படுக்கையறை, பண விவகாரம் என்று கற்பனை செய்யும்போதுதான் கவனம் வேண்டும்.

பெயர்க் கேள்விக்கும் இதிலிருந்தே பதில் வருகிறது. இப்போது நீங்கள் இருப்பது இரண்டுங்கெட்டான் நிலை. பெயர் தேவராஜன், ஊர் திருச்சி, சாதி, வழக்கு, மூன்று தீபாவளி எல்லாம் நிஜம். இது யாரையும் ஏமாற்றாது, சட்டத்திலும் காப்பாற்றாது. மாற்றுவதானால் ஊர், தொழில், குற்றம் எல்லாவற்றையும் அடியோடு மாற்றி, அவருக்கு இல்லாத ஒரு தங்கையையோ பகையையோ கொடுத்து, வேறொரு மனிதரை உண்டாக்க வேண்டும். ஐந்தாம் அத்தியாயத்தில் சக நடிகையோடு ஒரு காதல் வரப்போவதாகக் கதைச்சுருக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது வேண்டுமென்றால் இந்த வழிதான். இல்லை, ஆபரேட்டர்தான் கதாநாயகன் என்றால், பாகவதரை நிஜப் பெயரோடே வைத்துக்கொள்ளுங்கள். ஆபரேட்டருக்குத் தெரிந்ததெல்லாம் ஊருக்கே தெரிந்ததுதான்; அவர் தலைக்குள் நுழைய வேண்டிய அவசியமே வராது. நான் இரண்டாவதையே சொல்வேன். காதலை ஆபரேட்டருக்குக் கொடுங்களேன்.

பாகவதர் நேரில் ஒரு முறை வரலாமா? வரலாம், ஒரே ஒரு முறை. சிறைக்குப் பிறகு, கச்சேரி முடிந்து காரில் ஏறும்போது, பத்தடி தூரத்தில். பேச வைக்காதீர்கள்.

பாடல் வரிகள்: இங்கே நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். இசைத்தட்டு பழையது, அதனால் பாட்டும் பொதுச்சொத்து என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒலிப்பதிவுக்கு உரிமை, அது வெளியானதிலிருந்து 60 ஆண்டு. ‘ஹரிதாஸ்’ காலத்துத் தட்டுகள் அதைத் தாண்டிவிட்டன. ஆனால் வரிகளின் உரிமை எழுதியவர் இறந்தபிறகு 60 ஆண்டு ஓடும். பாகவதரின் புகழ்பெற்ற பாடல்களில் பெரும்பாலானவற்றை எழுதிய பாபநாசம் சிவன் இறந்தது 1973-ல். ஆக, 2033 முடியும்வரை அந்த வரிகள் காப்புரிமைக்குள்தான். பாட்டின் முதல் இரண்டு மூன்று சொற்களைப் பெயராகச் சொல்வதற்கு யாரும் வரமாட்டார்கள். பல்லவி, சரணம் என்று பக்கம் பக்கமாகப் போட்டால் உரிமை வைத்திருப்பவரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். உங்கள் மூன்றாம் அத்தியாயத்தில் முழுப் பாட்டே இருக்கிறது. எடுத்துவிடுங்கள். அனுமதி கிடைத்தாலும் எடுத்துவிடுங்கள் என்பேன். தாளில் பாட்டு வரியைப் பார்த்ததும் வாசகர் கண் தாவிவிடும்.

இன்னொன்று, அவர் ஏன் விழுந்தார் என்பது. ‘சிறையில் குரல் போய்விட்டது, மனம் உடைந்தது’ என்று எழுதத் திட்டமிட்டிருக்கிறீர்கள். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் காரணம் போதவில்லை. ‘பவளக்கொடி’யில் ஏறக்குறைய ஐம்பது பாட்டு, பாடத் தெரிந்தவன்தான் கதாநாயகன் என்ற காலம். செட்டிலேயே பாடி, அங்கேயே பதிவு செய்வார்கள். பக்கவாத்தியக்காரர்கள் கேமரா கண்ணில் படாமல் ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள். யுத்தத்தில் பிலிம் தட்டுப்பாடு வந்து, படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று அரசாங்கம் கட்டுப்பாடு போட்டது. அது பதினோரு ரீல், சுமார் இரண்டு மணி நேரம். பாட்டு குறைந்தது. அதற்குள் பின்னணிப் பாடலும் ஊன்றிவிட்டது. நடிப்பவன் பாட வேண்டியதில்லை, பாடுகிறவன் முகம் காட்ட வேண்டியதில்லை. அவர் வெளியே வந்த பிறகு ஜனங்கள் வசனம் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். 1952-ல் அவருடைய ‘அமரகவி’ வந்த அதே ஆண்டில்தான் ‘பராசக்தி’யும் வந்தது. குரல் அப்படியே இருந்திருந்தாலும் அதற்கான இடம் சினிமாவில் இல்லை. இதை உலகத்தில் முதலில் கவனித்திருக்கக்கூடியவர் ஒரு ஆபரேட்டர். எந்த ரீலில் ஆட்கள் பீடி குடிக்க வெளியே போகிறார்கள் என்று பார்க்கிறவர் அவர். 1944-ல் பாட்டு வந்தால் வெளியே போனவன் ஓடி வருவான். 1948-ல் பாட்டு வந்தால் உள்ளே இருப்பவன் எழுந்து போகிறான்.

‘ராஜமுக்தி’ பற்றி இடையில் ஒன்று. புனேயில் எடுத்த அந்தப் படத்துக்கு வசனம் எழுதப் போனவர் புதுமைப்பித்தன். அங்கே காசநோய் முற்றி, 1948-லேயே திருவனந்தபுரத்தில் இறந்துபோனார். அது தனி நாவல். தயவுசெய்து இதற்குள் நுழைக்காதீர்கள். எழுத்தாளர்களுக்கு எழுத்தாளர்களைக் கதையில் கொண்டுவரும் ஆசை எப்போதும் உண்டு.

தங்கத் தட்டில் சாப்பிட்டார், அவரைப் பார்க்க ஜனங்கள் தண்டவாளத்தில் நின்று ரயிலை நிறுத்தினார்கள், கைதானபோது கையில் பன்னிரண்டு படத்து அட்வான்ஸ் இருந்தது என்பவற்றை நீங்கள் நடந்த சம்பவங்களாக எழுதியிருக்கிறீர்கள். இவை ஊர் வாய்க் கதைகள். நாவலில் இவற்றுக்கு இடம் உண்டு, ஆனால் யாராவது சொல்கிறதாக இருக்க வேண்டும். ஒருவர் தங்கத் தட்டு என்றால் இன்னொருவர் “போய்யா, வெள்ளித் தட்டு, என் மச்சான் பார்த்திருக்கான்” என்று மறுக்கட்டும். யார் பக்கம் உண்மை என்று நீங்கள் தலையிடாதீர்கள். திருச்சிக்காரர்கள் தங்கள் பாகவதரை எப்படிப் பேசுவார்கள் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

தேடுவதற்கு: சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பழைய பாட்டுப் புத்தகங்கள், நாடக நோட்டீஸ்கள் அங்கே நிறைய உண்டு. கொட்டகை வாசலில் விற்ற அந்தப் பாட்டுப் புத்தகத்தை ஒரு முறை கையில் எடுத்துப் பாருங்கள். கதைச்சுருக்கத்தை முக்கால்வாசி சொல்லிவிட்டு ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்ற பாணியில் நிறுத்தியிருப்பார்கள். அன்றைய செய்தித்தாள்களில் வழக்கைப் படிக்கும்போது பக்கத்து விளம்பரங்களையும் படியுங்கள். திருச்சியில் ‘ஹரிதாஸ்’ எந்தக் கொட்டகையில் எத்தனை வாரம் ஓடியது என்பதையும் அங்கேயே பிடித்துவிடலாம். ஆனால் ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு நூலகம் போகக் கூடாது. ஆராய்ச்சி சுகமானது, எழுதாமல் இருக்க அதைவிடக் கௌரவமான சாக்கு கிடையாது.

அதைவிட அவசரம் வீட்டில் இருக்கிறது. தாத்தாவை நேரில் பார்த்தவர்கள், உங்கள் அம்மாவோ சித்தியோ மாமாவோ, இப்போது யார் இருக்கிறார்கள்? பாகவதரைப் பற்றி அவர்களிடம் கேட்காதீர்கள்; கேட்டால் எல்லாரும் சொல்கிற கதைகளைத்தான் சொல்வார்கள். ரெண்டாம் ஆட்டம் முடிந்து தாத்தா வீட்டுக்கு எத்தனை மணிக்கு வருவார், கதவைத் திறந்துவிட்டது யார், சாப்பாடு என்னவாக இருந்தது, கையில் தீக்காயம் இருந்ததா, கொட்டகை முதலாளி சம்பளத்தை எப்போது கொடுப்பார், வீட்டுப் பெண்களுக்கு ஓசி டிக்கெட் உண்டா என்று கேளுங்கள். பாட்டி படம் பார்க்கப் போவாரா என்பதை முக்கியமாகக் கேளுங்கள்.

எழுதி முடித்த பன்னிரண்டு அத்தியாயங்களையும் கிழிக்க வேண்டாம். தனியாக ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். உள்ளே இருக்கிற தேதிகளும் பெயர்களும் வேண்டியபோது எடுத்துக்கொள்ளலாம். புதிதாக ஒரே ஒரு அத்தியாயம் எழுதி அனுப்புங்கள்: 1944 தீபாவளி, முதல் காட்சி, பெட்டி இன்னும் ரயிலில் வந்து சேரவில்லை, வெளியே கூட்டம். பத்துப் பக்கத்துக்குள் இருக்கட்டும்.